சிங்கப்பூரில் இருந்தே ஓர் அமெரிக்கத் தளபதியின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எப்படி

வாசகர் கூட்டத்தில் ஒரு வெளிநாட்டு ஆளுமையைப் பற்றிப் பேச ஒப்புக்கொள்கிறோம். அப்புறம் விக்கிப்பீடியாவைத் திறந்து, பிறந்தார், படித்தார், போரிட்டார், இறந்தார் என்று வரிசையாகத் தமிழாக்கி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். கேட்டவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் பாதி மறந்திருக்கும். இதைவிட நன்றாகச் செய்யலாம். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை, பொறுமையும் நல்ல இணைய இணைப்பும் போதும்.

உதாரணத்துக்குத் தாமஸ் ஃபிரான்சிஸ் மாரை எடுத்துக்கொள்கிறேன். அயர்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் அரசால் மரண தண்டனை விதிக்கப்பட்டு, டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து தப்பி நியூயார்க் போய், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் பக்கம் பிரிகேடியர் ஜெனரலாகி, கடைசியில் மொன்டானா என்ற தங்கச் சுரங்கக் காட்டுப்பகுதியில் பொறுப்பு ஆளுநராக இருந்து 43 வயதில் ஆற்றில் விழுந்து மறைந்தவர். இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலும் பதிவுகளை விட்டுச் சென்றிருக்கிறார், அவற்றில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

தேடும்போது ஒரு விஷயம் கவனத்தில் இருக்கட்டும். மார் என்று சொல்கிறார்களே தவிர ஆங்கிலத்தில் எழுதுவது எம், இ, ஏ, ஜி, எச், இ, ஆர். பழைய செய்தித்தாள்களில் அச்சுப் பிழையோடும் இருக்கும், எனவே பெயரை மட்டும் நம்பாமல் ஊர், ஆண்டு, கூட இருந்தவர்கள் பெயர் ஆகியவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

முதல் வேலை: ஊர்களை எழுதுங்கள்

ஆண்டு வரிசை போடுவதற்கு முன்னால் ஊர் வரிசை போடுங்கள். எந்த ஊரில் இருந்தார் என்று தெரிந்தால்தான் எந்த நாட்டு ஆவணத்தில் தேடுவது என்று தெரியும். மாருக்கு அது இப்படி வரும். 1823 ஆகஸ்ட் 3 அன்று வாட்டர்ஃபோர்டில் பிறப்பு. தந்தை வணிகர், பின்னாளில் அந்த ஊரின் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர். 1846 ஜூலையில் டப்ளினில், விடுதலைக்காக வாளெடுப்பதைப் பழிக்க மாட்டேன் என்று அவர் பேசிய பேச்சுதான் அவருக்கு ‘வாளின் மார்’ என்ற பட்டத்தைத் தந்தது. 1848இல் தோற்றுப்போன கிளர்ச்சி, குளோன்மெல் நகரில் விசாரணை, தூக்கிலிட்டு உடலைத் துண்டாடும்படி தீர்ப்பு, பிறகு அது ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைப்பு. 1849 அக்டோபரில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட். 1852 மே மாதம் நியூயார்க். 1861 முதல் 1863 வரை வர்ஜீனியா, மேரிலாண்ட் போர்க்களங்கள். 1865 செப்டம்பரிலிருந்து 1867 ஜூலை 1 வரை மொன்டானா.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போடுங்கள்: அதே ஆண்டுகளில் சிங்கப்பூர். நம் கேட்பவர்களுக்கு இது பெரிய உதவி. மார் டாஸ்மேனியாவில் ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ முறையில் இருந்தார், அதாவது சிறையில் அடைக்காமல், ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் வேலை செய்து வாழலாம், ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதே காலத்தில் அதே பேரரசு இந்தியாவிலிருந்து, சென்னை மாகாணத்திலிருந்தும்கூட, கைதிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1825இல் தொடங்கிய வழக்கம் அது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தான். நன்னடத்தையோடு காலம் கழித்தவர்களுக்கு இங்கேயும் அதே டிக்கெட் கொடுத்தார்கள். மார் வசதியான வீட்டுப் பிள்ளை, ஏரிக்கரையில் குடில் கட்டிக்கொண்டு, படகு விட்டுக்கொண்டு, திருமணமும் செய்துகொண்டு வாழ்ந்தார்; இங்கே செங்கல் சுமந்தவர்கள் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தைச் சொன்னால் அவையில் இருப்பவர்களுக்கு உடனே புரியும்.

உள்நாட்டுப் போருக்கும் இங்கே ஒரு தடம் இருக்கிறது. 1863 டிசம்பரில், தென் மாநிலங்களின் போர்க்கப்பலான ‘அலபாமா’ நிலக்கரி ஏற்றச் சிங்கப்பூருக்கு வந்தது. இங்கிருந்து கிளம்பிய அன்றே மலாக்கா நீரிணையில் ஓர் அமெரிக்க வணிகக் கப்பலைக் கொளுத்தியது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: அப்போது அமெரிக்கச் செய்தி தபால் கப்பலில்தான் வந்தது, இந்தியா வழியாக லண்டனோடு தந்தி இணைப்பு 1871இல்தான் வந்தது. எனவே ஒரு போர் நடந்த தேதியைப் போட்டு இங்குள்ள பத்திரிகையில் தேடினால் எதுவும் கிடைக்காது, இரண்டு மூன்று மாதம் தள்ளித் தேடுங்கள்.

எங்கே தேடுவது

புத்தகத்துக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகம். மேல் மாடிகளில் இருக்கும் லீ கோங் சியன் நூலகத்தில் புத்தகம் இரவல் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும், அதனால் ஜாக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள், குளிர் அதிகம். வட்டார நூலகங்களில் இரவல் கிடைக்கும் வாழ்க்கை வரலாறுகளையும் லிபி செயலியில் உள்ள மின்னூல்களையும் முதலில் பாருங்கள். ஒரே ஒரு வாழ்க்கை வரலாற்றை மட்டும் படித்துவிட்டு எழுதவே எழுதாதீர்கள். மாரை நேசிப்பவர்கள் எழுதியதில் அவர் வீரர், வெறுப்பவர்கள் எழுதியதில் அவர் குடிகாரர், இரண்டு பக்கத்தையும் படித்தால்தான் ஆள் தெரிவார்.

டாஸ்மேனியா ஆண்டுகளுக்கு ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் தளம். அந்தக் காலத்து ஹோபார்ட் பத்திரிகைகளை அப்படியே படிக்கலாம். அவர் தப்பிய விதம் பற்றி அப்போதே பெரிய சண்டை. 1852 ஜனவரியில், என் வாக்குறுதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று நடுவருக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, காவலர்கள் வீட்டுக்கு வரும்வரை காத்திருந்து, அவர்கள் கண்ணெதிரே குதிரையேறிப் போனார். இது மானத்தைக் காத்த செயலா, வாக்கு மீறலா என்று சக கைதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. இதில் நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, இரண்டு தரப்பையும் அவர்கள் வார்த்தையிலேயே வையுங்கள். ஆனால் கர்ப்பிணி மனைவி கேத்தரினை விட்டுவிட்டுப் போனார் என்பதை விட்டுவிடாதீர்கள். அந்தக் குழந்தை சில மாதங்களில் இறந்தது. கேத்தரின் பிறகு இன்னொரு மகனைப் பெற்று 1854இல் வாட்டர்ஃபோர்டில் இறந்தார். அந்த மகனை மார் கடைசிவரை பார்க்கவே இல்லை. பல மேடைப் பேச்சுகளில் இந்தப் பெண் ஒரு வரியில் வந்து போய்விடுகிறார், எனக்கு அது பொறுக்கவில்லை.

போருக்கு, அமெரிக்க அரசே 1880 முதல் 1901 வரை வெளியிட்ட போர் ஆவணத் தொகுப்பு இருக்கிறது. 128 புத்தகங்கள், முழுவதும் இணையத்தில் இலவசம். பயந்துவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்றுதான். முதல் வரிசையில் 19ஆம் தொகுதி ஆன்டீட்டம் போர், 21ஆம் தொகுதி ஃபிரெடெரிக்ஸ்பர்க் போர். அதிகாரிகள் சண்டை முடிந்த கையோடு எழுதிய அறிக்கைகள் அவற்றில் இருக்கின்றன, மாரின் அறிக்கை உட்பட.

போரை எழுதும்போது

நம் ஆட்கள் இங்கேதான் அதிக நேரம் எடுப்பார்கள். நான் சுருக்கச் சொல்வேன். மாரின் ‘ஐரிஷ் பிரிகேட்’ என்ற படையில் நியூயார்க்கின் 63, 69, 88ஆம் படைப்பிரிவுகள் அடிப்படை. 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டத்தில், பிறகு ‘இரத்தச் சந்து’ என்று பெயர் பெற்ற பள்ளச் சாலையை நோக்கிப் போய் 540 பேர் வரை இழந்தார்கள். டிசம்பர் 13 அன்று ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் தொப்பியில் பச்சைத் தழை செருகிக்கொண்டு குன்றின் மீது ஏறிய சுமார் 1,200 பேரில் 545 பேர் கொல்லப்பட்டோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். எதிரே சுட்டவர்களில் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். இந்த எண்களைச் சொல்லும்போது ‘இழப்பு’ என்பது இறந்தவர்கள் மட்டும் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், தமிழில் எழுதுபவர்கள் அடிக்கடி மொத்தத்தையும் மரணமாக்கிவிடுகிறார்கள்.

ஆன்டீட்டத்தில் மார் குதிரையிலிருந்து விழுந்தார். ஏன்? குதிரை சுடப்பட்டது என்கிறது அவருடைய அறிக்கை, தலைமைத் தளபதி மெக்கிளெலனும் அப்படியே சொல்கிறார். தலைமையகத்தில் இருந்த அதிகாரி ஸ்ட்ரோதரின் நாட்குறிப்போ, அவர் குடித்திருந்தார் என்கிறது. இப்படி ஒன்று வரும்போது செய்யவேண்டியது எளிது: யார் சொன்னது, அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார், எப்போது எழுதினார், யார் படிக்க எழுதினார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். அறிக்கை மேலிடம் படிக்க எழுதியது, நாட்குறிப்பு தனக்காக எழுதியது, ஆனால் அதை எழுதியவர் அந்தச் சந்தில் நிற்கவில்லை. இந்தத் தாளையே அவைக்குக் காட்டலாம், அதுவே நல்ல பேச்சாக அமையும்.

அப்புறம் நண்பர் ஜான் மிட்செலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 1848 இயக்கம், அதே டாஸ்மேனியா, அதே தப்பித்தல், ஆனால் அமெரிக்கா வந்ததும் அடிமை முறையை ஆதரித்துத் தெற்கின் பக்கம் போனார். மகன் ஒருவர் கெட்டிஸ்பர்க் போரில் தெற்கின் படையில் இறந்தார். மாரும் 1850களில் தெற்கின் மீது அனுதாபம் உள்ளவராகத்தான் இருந்தார், 1861இல் வடக்கைத் தேர்ந்தெடுத்தார். 1864 தேர்தலில் லிங்கனை ஆதரித்ததால் நியூயார்க் ஐரிஷ்காரர்களில் பலர் அவரைக் கைவிட்டார்கள். அந்தத் தனிமையில்தான் மேற்கே ஒரு பதவி கேட்டு எழுத ஆரம்பித்தார்.

மொன்டானாவுக்குப் பாதி இடம் ஒதுக்குங்கள்

இதுதான் என் முக்கியமான ஆலோசனை. போர்க்களத்தை 20 நிமிடம் பேசிவிட்டு, பிறகு ஆளுநராகி இறந்தார் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு தளபதி அரசியலுக்கு வரும்போது என்ன ஆகிறார் என்பதைக் காட்டுவது இந்த இரண்டு ஆண்டுகள்தான். கட்டளையிட்டுப் பழகியவர், கட்டளைக்கு யாரும் கீழ்ப்படியாத ஊரில் என்ன செய்தார்?

முதலில் ஆட்சி அமைப்பைப் புரிந்துகொண்டு விளக்குங்கள். மொன்டானா அப்போது மாநிலம் அல்ல, 1864 மே மாதம் உருவான ஓர் ஆட்சிப்பகுதி. ஆளுநர், செயலர், நீதிபதிகள் எல்லாரையும் வாஷிங்டனிலிருந்து அதிபர் நியமிப்பார். மக்கள் தேர்ந்தெடுப்பது ஒரு சிறிய சட்டமன்றத்தையும், நாடாளுமன்றத்தில் வாக்குரிமை இல்லாத ஒரு பிரதிநிதியையும் மட்டும். சிங்கப்பூர் வாசகருக்கு இது அந்நியமானது அல்ல. நம்மையும் கல்கத்தாவிலிருந்து ஆண்டார்கள், அது பிடிக்காமல் இங்குள்ள வணிகர்கள் 1857இல் மனுப் போட்டார்கள், 1867 ஏப்ரல் 1 அன்று நேரடியாக லண்டனின் கீழ் வந்தோம். ஹாரி ஆர்ட் இங்கே ஆளுநராகப் பொறுப்பேற்ற அந்த மாதத்தில் மார் மொன்டானாவின் பொறுப்பு ஆளுநர். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: தொலைவிலிருந்து வந்த உத்தரவுக்கும் உள்ளூரில் பணம் வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஆளுநர் யார் பக்கம்?

மாரை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் நியமித்தது செயலராகத்தான். அவர் பானக் என்ற சுரங்க ஊருக்கு வந்து சேர்ந்ததும், ஆளுநர் சிட்னி எட்ஜர்ட்டன் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டுக் கிழக்கே கிளம்பிவிட்டார். பழகிக்கொள்ளக்கூட அவகாசம் இல்லை. ஊரில் அதிகாரம் யாரிடம் இருந்தது தெரியுமா? 1863-64 குளிர்காலத்தில் ஷெரிஃப் ஹென்றி பிளம்மர் உட்படக் கொள்ளையர்கள் என்று தாங்கள் முடிவுசெய்தவர்களை விசாரணையின்றித் தூக்கிலிட்ட விஜிலான்டி குழுவிடம். அதில் முன்னணி வழக்கறிஞராக இருந்த வில்பர் சாண்டர்ஸ், ஆளுநர் எட்ஜர்ட்டனின் உறவினர், குடியரசுக் கட்சிக்காரர். சுரங்கத் தொழிலாளர்களில் பலரோ ஜனநாயகக் கட்சிக்காரர்கள், ஐரிஷ்காரர்கள், தெற்கிலிருந்து வந்தவர்கள்.

மார் முதலில் குடியரசுக் கட்சியினர் சொன்னபடி, சட்டமன்றத்தைக் கூட்ட எனக்கு அதிகாரம் இல்லை என்றார். சில மாதங்களில் மனம் மாறி, 1866இல் கூட்டினார். அரசியலமைப்பு மாநாடு ஒன்றையும் ஹெலெனா என்ற சுரங்க ஊரில் நடத்தினார். மொன்டானா மாநிலமானால் செனட்டராகலாம் என்ற ஆசை அவருக்கு இருந்தது, அதை மறைக்காமல் எழுதுங்கள். அந்த மாநாடு எழுதிய அரசியலமைப்பு வரைவு அச்சுக்குக் கொண்டுபோகும் வழியில் தொலைந்தே போனது. 1867 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம், மார் கூட்டிய சட்டமன்றங்கள் இயற்றிய சட்டங்கள் அத்தனையும் செல்லாது என்று அறிவித்தது.

ஜேம்ஸ் டேனியல்ஸ் வழக்கை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். ஒருவரைக் கொன்றதற்காக அவருக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. 1866இல் மார் தண்டனையை நிறுத்திவைத்து விடுவித்தார். நீதிபதி மன்சன், ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். டேனியல்ஸ் ஹெலெனாவுக்குத் திரும்பியதும் விஜிலான்டிகள் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். ஆளுநரின் உத்தரவுத் தாள் அப்போது அவர் பையில் இருந்தது என்று சொல்வார்கள். மார் சட்ட வரம்பை மீறினாரா என்றால், மீறினார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்குத் தண்டனையாக இன்னொருவரைத் தூக்கில் போட்டவர்கள் பிற்காலத்தில் ஊரின் நிறுவனர்களாக மதிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தப் பகுதிக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தளத்தில் மொன்டானா போஸ்ட் பத்திரிகையைப் பாருங்கள். அது குடியரசுக் கட்சிப் பக்கம் நின்ற பத்திரிகை, அதன் ஆசிரியர் டிம்ஸ்டேல் விஜிலான்டிகளைப் புகழ்ந்தே எழுதியவர். எனவே மாரைப் பற்றி அதில் வருவதை எதிர்த்தரப்பின் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பூர்வகுடி மக்கள் பற்றிய இடத்தை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். 1867 ஏப்ரலில் ஜான் போஸ்மன் என்ற வழிகாட்டி யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார். குடியேறிகள் பீதியடைந்தார்கள், மார் தொண்டர் படை திரட்டினார். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் படைக்குப் பொருள் விற்ற வணிகர்கள் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கணக்குக் காட்டினார்கள், கூட்டரசு பல ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய பாதியைத்தான் கொடுத்தது. தன் நாட்டு நிலத்தை அந்நியர் பறித்ததை எதிர்த்துத் தூக்குக் கயிறு வரை போன மனிதர், இங்கே அடுத்தவர் நிலத்தில் குடியேறியவர்களுக்காகப் படை திரட்டுகிறார். இதை அவர் உணர்ந்தாரா என்று ஊகிக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினாலே போதும். குரோ, பிளாக்ஃபீட் மக்களின் பெயர்களைச் சொல்லுங்கள், ‘செவ்விந்தியர்’ என்று ஒரே சொல்லில் அடக்காதீர்கள்.

மரணத்தை எழுதும் முறை

1867 ஜூலை 1 இரவு, ஃபோர்ட் பென்டன். படைக்கு வரவேண்டிய துப்பாக்கிகளை வாங்க மார் அங்கே போயிருந்தார். மிசூரி ஆற்றில் நீராவிக் கப்பல்கள் வரக்கூடிய கடைசித் துறை அது. ‘ஜி. ஏ. தாம்சன்’ என்ற கப்பலில் தங்கியவர் இருட்டில் ஆற்றில் விழுந்தார், உடல் கிடைக்கவே இல்லை. இவ்வளவுதான் உறுதியானது. வயிற்றுப்போக்கால் பலவீனமாக இருந்தார், குடித்திருந்தார், தற்கொலை செய்துகொண்டார், எதிரிகள் தள்ளிவிட்டார்கள் என்று நான்கு விதமாகச் சொல்கிறார்கள். 1913இல் ஒருவர், பணம் வாங்கிக்கொண்டு நான்தான் கொன்றேன் என்றார், பிறகு இல்லை என்று மறுத்தார்.

இதைத் துப்பறியும் கதையாக்க ஆசை வரும், கேட்பவர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். வேண்டாம். உறுதியானதை முதலில் சொல்லி நிறுத்துங்கள், பிறகு ஊகங்களை அவற்றைச் சொன்னவர்களோடு சேர்த்துச் சொல்லுங்கள். எந்த ஊகம் யாருக்கு வசதி என்று கேளுங்கள்: குடித்து விழுந்தார் என்பது விஜிலான்டிகளுக்கு வசதி, கொலை என்பது ஐரிஷ் ஆதரவாளர்களுக்கு வசதி.

சிலைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். 1905இல் ஹெலெனாவில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் குதிரை மீது வாள் உயர்த்திய சிலை வைத்தார்கள். அதை வைத்தவர்கள் மொன்டானாவின் ஐரிஷ் குடும்பங்கள், அவர்களுக்கு அப்போது அங்கே ஒரு மரியாதை தேவைப்பட்டது. சிலை 1867ஐப் பற்றிச் சொல்வதைவிட 1905ஐப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஊர்ப் பெயர் அதிகமாகி வாய் தடுமாறும் இடத்தில் பாதியை வெட்டுங்கள். வரைபடம் ஒன்று கண்டிப்பாகக் காட்டுங்கள், மொன்டானா எங்கே இருக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

மாரை முடித்துவிட்டு, தளபதியாகவும் ஆளுநராகவும் இருந்த இன்னொருவரைத் தேடுபவர்களுக்கு: சாம் ஹூஸ்டன் பெரிய வேலை, டென்னசி ஆளுநர், டெக்சஸ் குடியரசின் அதிபர், செனட்டர், டெக்சஸ் ஆளுநர் என்று ஏறக்குறைய நாற்பது ஆண்டு அரசியலைப் படிக்க வேண்டியிருக்கும், முதல் முயற்சிக்கு வேண்டாம். லூ வாலஸ் எளிது, 1878 முதல் 1881 வரை நியூ மெக்சிகோ ஆளுநராக இருந்த அந்த மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்தாலே ஒரு நல்ல பேச்சு வரும், பில்லி த கிட் என்ற பேர்பெற்ற குற்றவாளி அவருக்கு எழுதிய கடிதங்கள் இருப்பதால் இளையர்களும் கேட்பார்கள். ஐசக் ஸ்டீவன்ஸ் தலைகீழ், முதலில் வாஷிங்டன் ஆட்சிப்பகுதி ஆளுநர், அப்புறம்தான் தளபதி, 1862 செப்டம்பர் 1 அன்று போர்க்களத்தில் இறந்தார். அவரை எடுத்தால், பூர்வகுடி மக்களோடு அவர் செய்த ஒப்பந்தங்களை முதலில் படித்துவிட்டு, போரைப் பிறகு திறங்கள்.